ஒன்றரை மண்டலம்

"வெள்ளைப் புள்ளியா? ஒரு கைப்பிடி கல் உப்பு போடுங்க சார், மூணு நாள்ல சரியாயிடும்."

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தொட்டியும் கப்பி மீனும் வாங்கிப் பழகிய யாரைக் கேட்டாலும் இந்த வைத்தியத்தைத்தான் சொல்வார்கள். நன்னீர் மீனுக்கு அது சரியான வைத்தியம். நானும் பல வருடம் அப்படியே செய்து மீன்களைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் அன்று பம்மலில் எங்கள் வீட்டுக் கூடத்துத் தொட்டியில் நின்றது கப்பியோ ஃபைட்டரோ இல்லை. இந்தியப் பெருங்கடலின் பவளத்திட்டுகளில் பாசி மேய்ந்து திரியும் பவுடர் ப்ளூ டாங். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்த நீரில்தான் அது ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்தது. அந்த நீருக்கு இன்னும் ஒரு கைப்பிடி உப்பு எதற்கு?

வாங்கிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் விளக்கைப் போட்டபோது நீல உடம்பில் யாரோ ரவையைத் தூவியதுபோல் இருந்தது. வால் துடுப்பில் ஏழெட்டு, முதுகுத் துடுப்பில் நாலைந்து. பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. செவுள் மூடி வேகமாக அடித்துக்கொண்டது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஒரு நீலநிற மருந்தின் பெயரைச் சொன்னார். அதை ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒரு புள்ளி இல்லை! மீன் தின்றது, திரிந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று கடைக்காரரும் நம்பினார், நானும் நம்பினேன்.

எட்டாம் நாள் விடியலில் டாங்கின் உடம்பு முழுக்க ரவை. உடன் இருந்த க்ளவுன் மீன் ஜோடிக்கும் வந்திருந்தது. அன்று மாலை டாங் தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்தது. டாங் சேர்ந்த சர்ஜன் மீன் குடும்பத்தில் பல வகைகள் முப்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியவை. அது என் வீட்டில் வாழ்ந்தது இரண்டு வாரம்.

அந்த மூன்றாம் நாள் நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு கடல் மீனையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்தேன். இந்த அத்தியாயம் அந்த மூன்றாம் நாளைப் பற்றியது.

அந்த உயிரியின் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். மயிர் போன்ற நுண்ணிழைகளை அசைத்து நீந்தும் ஒரு செல் உயிரி. அதன் வாழ்க்கையில் மூன்று பருவங்கள் நமக்கு முக்கியம்.

முதலாவது, தின்னும் பருவம். நாம் வெள்ளைப் புள்ளியாகப் பார்ப்பது இதைத்தான். மீனின் தோல்மேல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினாலும் அது தோலின் மேலடுக்குக்குள் புகுந்து, செல்களையும் திசுநீரையும் தின்றுகொண்டே சுழன்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் மீனின் தோலே போர்வையாக மூடியிருக்கிறது. நீரில் எந்த மருந்தைக் கலந்தாலும் போர்வைக்குள் போவது கடினம். இந்தப் பருவம் 3 முதல் 7 நாள். வயிறு நிறைந்ததும் உயிரி தானாகவே மீனை விட்டு இறங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் பார்த்தவர்கள் அது பெரும்பாலும் இருட்டில், விடியலுக்கு முந்தைய நேரத்தில் இறங்குவதைக் கண்டார்கள்.

மூன்றாம் நாள் நடந்தது இதுதான். நான் ஊற்றிய மருந்து புள்ளியைப் போக்கவில்லை. தின்று முடித்தவை தாமாக இறங்கின. நான் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் அதே மூன்றாம் நாள் அதே புள்ளிகள் மறைந்திருக்கும். கடல் மீன் வளர்ப்பில் புழங்கும் போலி மருந்துகள் பலவற்றுக்கு நற்பெயர் கிடைப்பது இப்படித்தான். பூண்டுச் சாற்றுக்கும் சரி, பெயரில்லாத நீல பாட்டிலுக்கும் சரி, இந்த மூன்றாம் நாளே சாட்சி சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, உறைப் பருவம். இறங்கிய உயிரி சில மணி நேரம் தொட்டியின் அடியில் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்கிறது. சுற்றிலும் கெட்டியான உறை கட்டுகிறது. உள்ளே இரண்டு, நான்கு, எட்டு எனப் பிளந்துகொண்டே போகிறது. அந்த உறையைச் செம்பும் துளைக்காது, சாயமும் துளைக்காது. உள்ளே எத்தனை நாள் இருக்கும் என்பதுதான் வளர்ப்பவனைக் கவிழ்க்கிற கணக்கு. ஒரே நாளில் உறை கட்டியவை ஒரே நாளில் திறப்பதில்லை. சில 3 நாளில் திறக்கும், பல இரண்டு மூன்று வாரத்துக்குள் திறக்கும். கடைசியாக ஒன்று 72-ஆம் நாள் திறந்ததாகவும் அறிவியல் இலக்கியத்தில் பதிவு இருக்கிறது. இஸ்ரேலின் எய்லாத் நகரில் செங்கடல் மீன்களை வைத்துப் பல ஆண்டுகள் உழைத்த ஏஞ்சலோ கொலோர்னியும், பிரிட்டனின் பீட்டர் பர்ஜெஸும் 1997-இல் இந்த உயிரியைப் பற்றிய முழுமையான மீளாய்வைத் தொகுத்தபோது இந்த 3 முதல் 72 நாள் இடைவெளியைக் குறிப்பிட்டார்கள்.

மூன்றாவது, நீந்தும் பருவம். உறை திறந்ததும் ஒன்றிலிருந்து 200 வரை குஞ்சுகள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அவற்றுக்கு வாயில்லை, உணவில்லை. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், அதற்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்தாக வேண்டும். மீனைத் துளைத்து நுழையும் வலு முதல் ஆறேழு மணி நேரத்திலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. உடம்பில் போர்வை கிடையாது, உறையும் கிடையாது. மருந்தால் இதைத் தொட முடியும்.

இந்த வைத்தியத்தின் முழு அறிவியலும் இந்தச் சில மணி நேரத்தில் அடங்கியிருக்கிறது. மீன்மேல் இருப்பதைக் கொல்ல முடியாது. தரையில் இருப்பதையும் மருந்தால் கொல்ல முடியாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியில்தான் மறிக்க வேண்டும். கடைசி உறை திறக்கும்வரை அந்த மறியலை ஒரு மணி நேரம்கூட விலக்கக் கூடாது.

கடலில் இதே உயிரி இல்லையா? இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு குயின்ஸ்லாந்தில் காட்டு மீன்களைப் பிடித்துச் சோதித்த டிகிள்ஸும் லெஸ்டரும் 1996-இல் வெளியிட்ட முடிவு நினைவில் கொள்ளத்தக்கது. பல மீன்களில் ஒட்டுண்ணி இருந்தது, ஆனால் ஒவ்வொன்றிலும் மிகச் சொற்பம். காரணம் எளிது. கடலில் மீன் இரவில் ஓரிடத்தில் தூங்கும், பகலில் வேறிடம் போகும், அலையும் ஓடும் நீரும் குஞ்சுகளைச் சிதறடிக்கும். வெளிவந்த 200-ல் ஒன்று மீனைச் சேர்ந்தாலே பெரிது. வீட்டுத் தொட்டியில் மீன் தூங்குகிற இடத்துக்கு நேர்கீழே உறை. நான்கு பக்கமும் கண்ணாடி. என் டாங்கில் முதல் நாள் பன்னிரண்டு புள்ளிகளை எண்ணினேன். பன்னிரண்டும் உறை கட்டி, ஒவ்வொன்றும் இருநூறாகத் திறந்தால் 2,400. பாதி தவறிப் போனாலும் 1,200. கடல் கொடுத்திருந்த தூரத்தை நாம் பறித்துவிட்டோம். நோயை உண்டாக்கியது ஒட்டுண்ணி மட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றடிக் கண்ணாடியும் அதில் பாதி.

இதை நன்னீர் வெள்ளைப் புள்ளியின் கடல் உருவம் என்று நினைப்பது நம் ஊர்த் தவறு மட்டும் இல்லை. ஜப்பானில் 1930-களின் இறுதியில் கடல் மீன்களில் இந்த நோயை முதலில் விவரித்த சிகாமாவும் அப்படித்தான் கருதினார். நன்னீர் நோயைத் தருவது இக்தியோஃப்திரியஸ். சந்தையில் "இச்" என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். 1951-இல் பிரவுன் என்ற ஆய்வாளர் கடல் உயிரிக்குத் தனிப் பெயர் கொடுத்தார். கிரிப்டோகாரியான் என்றால் மறைந்த உட்கரு. பிறகு மரபணுவைப் படித்த காலத்தில், 1995-லும் 2002-லும் வந்த ஆய்வுகள் இரண்டும் நெருங்கிய உறவே இல்லை என்று காட்டின. இரண்டும் வெவ்வேறு கிளைகள். மீனின் தோலுக்குள் புகு, தின்று இறங்கு, உறை கட்டு, நூறு நூறாகப் பெருகு என்ற அதே வாழ்க்கையை இரண்டும் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன. பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை வந்ததுபோல.

உறவு வேறொரு பக்கம் இருக்கிறது, அது இன்னும் வியப்பானது. கடல் தொட்டியில் வெள்ளைப் புள்ளியைவிடக் கொடிய நோய் ஒன்று உண்டு. வளர்ப்பவர்கள் "வெல்வெட்" என்பார்கள். ரவைக்குப் பதில் மிக மெல்லிய பொடி தூவியதுபோல் இருக்கும், பல சமயம் புள்ளி கண்ணில் படும் முன்பே மீன் செவுள் அடைத்துச் செத்துவிடும். அதைத் தருவது அமைலூடினியம் என்ற சுழல்கசையுயிரி. லண்டன் விலங்குக் காட்சிசாலை மீன்களிலிருந்து 1931-இல் விவரிக்கப்பட்டது. நுண்ணிழை கொண்ட வெள்ளைப் புள்ளி உயிரியும், கசை கொண்ட வெல்வெட் உயிரியும், கொசு வழியே நம் ரத்தத்துக்குள் வரும் மலேரியா உயிரியும் ஒரே பெருங்குடும்பம். ஆல்வியோலேட்டா என்று அதற்குப் பெயர். செல்லின் மேல்தோலுக்கு அடியில் தட்டையான சிறு பைகளை அடுக்கிவைத்திருப்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். மலேரியாவுக்கு மனிதர்கள் விழுங்கிய குளோரோகுயின், வெல்வெட்டுக்கு மீன் மருத்துவர்கள் எடுக்கும் மருந்துகளில் ஒன்று என்பது இந்த உறவைத் தெரிந்தபின் படிக்கச் சுவையான செய்தி. மருந்துக்கடை மாத்திரையை நுணுக்கித் தொட்டியில் போட யாரும் கிளம்பிவிட வேண்டாம். அளவும் கலப்புப் பொருளும் வேறு.

இனி மறியல் போடும் வழிகள். மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் முதல் நிபந்தனை ஒன்றே: மீனைப் பெரிய தொட்டியிலிருந்து எடுத்து, மணலும் பாறையும் இல்லாத வெறும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப் போதும்.

முதல் வழி உப்பைக் குறைப்பது. சந்தை வைத்தியத்துக்கு நேர் எதிர். கடல் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடலின் உப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். வெளியே உப்பு அதிகமாக இருப்பதால் அதன் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது, மிகுந்த உப்பைச் செவுள் வழியே துப்புகிறது. வாழ்நாள் முழுக்க இந்த இறைப்பு வேலை. தொட்டி நீரின் உப்பை லிட்டருக்கு 15, 16 கிராமுக்கு இறக்கினால் மீனின் வேலை குறைகிறது. உறைக்குள் இருக்கும் ஒட்டுண்ணிக்கோ அந்த ஏற்பாடு இல்லை. நீர் உள்ளே புகுந்து ஊதி அழிந்துபோகிறது. இரண்டு மூன்று நாளில் சிறுகச் சிறுக இறக்கி, குறைந்தது 3 வாரம் அதே அளவில் நிறுத்தி, பிறகு இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. 16 என்று நினைத்து 20-இல் நிறுத்தினால் மீன் இளைப்பாறும், ஒட்டுண்ணியும் பிழைக்கும். கடல் தொட்டியில் வளரும் இறாலும் நண்டும் நத்தையும் இந்த உப்புக் குறைவைத் தாங்குவதில்லை, அவற்றை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. தைவானில் 2003-இல், லிட்டருக்கு 10 கிராமிலும் அதற்குக் கீழும் வாழும் வகைகளைக் கண்டிருக்கிறார்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இதில் பம்மலுக்கே உரிய ஒரு சிக்கல். உப்பைக் குறைக்க நல்ல நீர் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் நல்ல நீர் எது? பல்லாவரம், பம்மல், நாகல்கேணி வட்டாரம் நூறு ஆண்டுத் தோல் பதனிடும் தொழிலின் இடம். பக்கத்து ஊர் குரோம்பேட்டையின் பெயரே 1912-இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி தந்தது. இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். போர் தண்ணீரைக் கடல் மீன்மேல் ஊற்ற நான் துணிவதில்லை. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோதான் சேர்க்கிறேன். கேன் தண்ணீரையும் ஊற்றும் முன் சோதித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வழி செம்பு. மயில்துத்தம் என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் நீலப் படிகம்தான் அதன் பழைய வடிவம். நீந்தும் குஞ்சுகளைச் செம்பு அயனிகள் கொன்றுவிடும். ஆனால் பயன்படும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே இடைவெளி மயிரிழை. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீனின் செவுள் கெடும். ஒரு கணக்கு போட்டால் அபாயம் விளங்கும். 40 லிட்டர் நீருக்கு 8 மில்லிகிராம் செம்பு வேண்டும். மயில்துத்தத்தின் எடையில் கால்பங்குதான் செம்பு. ஆகவே 32 மில்லிகிராம் படிகம், அதாவது இரண்டு மூன்று பொன்னி அரிசி மணிகளின் எடை. எந்தச் சமையலறைத் தராசு இதை அளக்கும்? "ஒரு சிட்டிகை" என்று போட்டவர்கள் மீனை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அளவு எழுதி விற்கும் தயார் மருந்தை வாங்கி, அதற்குரிய செம்புச் சோதனைக் கிட்டால் தினமும் பார்ப்பது ஒன்றே பாதுகாப்பு. பவள மணலும் கிளிஞ்சலும் செம்பை உறிஞ்சிவிடும், மெல்லக் கக்கவும் செய்யும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது நஞ்சு. ஆகவே பெரிய தொட்டியில் ஒரு சொட்டுகூடச் செம்பு விழக் கூடாது. வைத்தியம் முடிந்த நீரைத் தெருச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. எங்கள் பக்கத்து மழைநீர் கடைசியில் அடையாற்றுக்குப் போகிறது. அங்கேயும் நத்தையும் மீனும் உண்டு.

மூன்றாம் வழிதான் எனக்குப் பிடித்தது. அதில் மருந்தே இல்லை. கொலோர்னி 1987-இல் எழுதிய முறை. மீன்மேல் இருப்பது 7 நாளுக்குள் எப்படியும் இறங்கியாக வேண்டும். இறங்கியது 3 நாளுக்கு முன் திறக்காது. அப்படியானால் 3 நாளுக்கு ஒருமுறை மீனைப் புதிய நீருள்ள புதிய பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே போனால், இறங்கியவை பழைய பாத்திரத்தில் தங்கிவிடும், குஞ்சு வெளிவரும்போது மீன் அங்கே இருக்காது. நான்கு மாற்றம், 12 நாள். புதிதாக வாங்கிய இரண்டு பெரிய பக்கெட் போதும். பழையதைக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் எலும்புபோல் காயவைத்தால் சென்னை வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். உலர்ந்தால் உறைகள் பிழைக்காது. உயிரி விடியலில் இறங்குவதால் விளக்குப் போட்டபின் காலையில் மாற்றுவது நல்லது. வலையை, தெர்மாமீட்டரை, ஏர் கல்லை, ஏன் ஈரக் கையைக்கூட, பழையதிலிருந்து புதியதற்குக் கொண்டுபோகக் கூடாது. வெல்வெட்டுக்கு இந்த முறை பயன்படாது, அதன் காலக்கணக்கு வேறு. க்ளவுன் மீன்களைப் பிடித்தாட்டும் புரூக்லினெல்லாவுக்கும் பயன்படாது, அது உறை கட்டுவதில்லை, மீன்மேலேயே பிளந்து பெருகும். நோயை இனம் காணாமல் வைத்தியத்தைத் தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

என் க்ளவுன் ஜோடியை இந்த மூன்றாம் வழியில்தான் காப்பாற்றினேன். பதின்மூன்றாம் நாள் இரண்டும் தெளிவாக இருந்தன. ஆனால் அவற்றைப் போட இடம் இல்லை. கூடத்தில் இருந்த பெரிய தொட்டியின் பாறையிடுக்கில் உறைகள் இன்னும் காத்திருந்தன.

அதற்கு ஒரே மருந்து பட்டினி. ஒரு மீன்கூட இல்லாமல் தொட்டியை ஓட்ட வேண்டும். இந்த ஒட்டுண்ணி எலும்புள்ள மீனை மட்டுமே பிடிக்கும், நத்தையும் துறவி நண்டும் இருக்கலாம். திறந்து வரும் ஒவ்வொரு தலைமுறையும் மீனைத் தேடி, கிடைக்காமல் இரண்டு நாளில் சாகும். 72-ஆம் நாள் திறப்பதாகப் பதிவான அந்தக் கடைசி உறையையும் கணக்கில் எடுத்து, வளர்ப்பவர்கள் 76 நாள் வைக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் 48 நாள். இது ஒன்றரை மண்டலம், அதற்குமேல் நாலு நாள்.

தினசரி காலண்டரில் 76-ஆம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அம்மா தினமும் காலையில் தாளைக் கிழிக்கும்போது கேட்பார்: "மீனே இல்லாத தொட்டிக்கு ராவும் பகலும் மோட்டார் ஓடுதே, இன்னும் எத்தனை நாள்டா?" முப்பதாம் நாள் என் மனமும் அதையே கேட்டது. சென்னையின் சூட்டில் எல்லாம் சீக்கிரம் திறந்திருக்கும், ஒரு மாதம் போதுமே என்று தோன்றும். 30 டிகிரியில் பெரும்பாலானவை விரைவாகத்தான் திறக்கும். அந்தப் பெரும்பாலானவற்றுக்காக நாம் காத்திருக்கவில்லை. மிச்சம் இருக்கும் ஒன்றிரண்டுக்காகக் காத்திருக்கிறோம். நன்னீரில் செய்வதுபோல் ஹீட்டரை ஏற்றுவதும் இங்கே உதவாது. 23 முதல் 30 டிகிரி இந்த உயிரிக்கு மிகப் பிடித்த வெப்பம், எங்கள் கூடம் அதைத் தானாகவே தருகிறது.

வெப்பத்தைப் பற்றி இன்னொன்று. 30 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடித்துவைக்கும். செவுளில் ஒட்டுண்ணி ஏறிய மீனுக்கு அதுவும் முழுதாக எட்டாது. பல சமயம் மீன் சாவது புள்ளியால் இல்லை, மூச்சு முட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைப் புறநகரின் பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அதற்குப் பிறகு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்மலிலிருந்து கடல் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். நீலாங்கரை, கோவளம் பக்கம் போய் கேன்களில் கடல்நீர் எடுத்துவருபவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா கொட்டிய நன்னீரைச் சுமந்துவரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக் கரையில் உப்பு லிட்டருக்கு 30 கிராமுக்குக் கீழே இறங்கிவிடுவதுண்டு. ஜூனில் அளந்த நீரை நம்பி நவம்பரில் அப்படியே ஊற்றினால், சோர்ந்திருக்கும் மீனுக்கு அந்தத் திடீர் மாற்றமே அடியாகும். பிடித்துவந்த நீரோடு ஒட்டுண்ணியும் வரலாம், அதனால் மூடி இருட்டில் சில வாரம் வைத்துப் பயன்படுத்துவது நல்லது. நோய்க்காலத்தில் செயற்கைக் கடல் உப்புக் கலவையே மேல்.

வெல்வெட்டை நினைத்து இன்னொரு எச்சரிக்கை. அதன் நீந்தும் குஞ்சுகள் காற்றில் தெறிக்கும் நுண்துளியில்கூடப் பயணம் செய்யும் என்று 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காற்று வீசும் இடத்தில் 3 மீட்டர் தூரம்வரை. நம் வீடுகளில் தலைக்குமேல் மின்விசிறி ஓயாமல் சுற்றுகிறது. வைத்தியத் தொட்டியைப் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வேறு அறையில் வையுங்கள்.

76-ஆம் நாள் வந்தது. க்ளவுன் ஜோடியைப் பெரிய தொட்டியில் விட்டேன். இன்றுவரை ஒரு புள்ளி இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் வேறு. அன்றிலிருந்து எந்த மீனும் நேராகக் கூடத்துக்கு வருவதில்லை. பின்கட்டு அறையில் ஒரு சின்னத் தொட்டி நிரந்தரமாக ஓடுகிறது. புதியது எதுவானாலும் அங்கே ஆறு வாரம்.

இதைச் செலவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். கடைத் தொட்டியில் நிற்கும் டாங்கும் பட்டாம்பூச்சி மீனும் பெரும்பாலும் ஏதோ ஒரு பவளத்திட்டில் மூழ்கிப் பிடிக்கப்பட்டவை. நம்மிடம் ஒன்று செத்தால் கடலிலிருந்து இன்னொன்று வருகிறது. க்ளவுன் மீன்களையாவது குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்கலாம். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் நம் விஞ்ஞானிகள் அவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். உயிருள்ள பவளத்தையும் கடல்குதிரையையும் யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். 2001 முதல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை.

அடுத்த முறை கடையில் ஒரு நீல மீன் உங்களை நிறுத்தினால், விலையைக் கேட்கும் முன் வீட்டில் இரண்டாவது தொட்டி வைக்க ஒரு மூலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மீனை அங்கேயே விட்டு வாருங்கள்.